எண்ணெய்க்காரர் வீட்டுப் பரட்டை

மகள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை எண்ணெய் காய்ச்சும் நாள். எண்ணெய்க்காரர் இடது கையால் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். வாசலில் வாடகைக் கார் இரண்டாவது முறையாக ஹாரன் அடித்தது.

"அப்பா, பெட்டியை விடுங்க."

விட்டார். விட்ட கையில் அவள் ஒரு மூடிபோட்ட கூடையைத் திணித்தாள். கூடையின் இடுக்கு வழியாக மஞ்சள் கண் ஒன்று அவரை அளவெடுத்தது.

"பூனைப்பா. ஹாஸ்டலுக்குப் பின்னாடி கிடைச்சது. யாருமே வாங்கிக்க மாட்டேங்கிறாங்க. ஆறு மாசம் பாத்துக்கோங்க, வந்து எடுத்துக்கிறேன். இது என்ன மாதிரிப் பூனைன்னு விசாரிச்சுச் சொல்றேன்."

"பூனைல என்னம்மா, என்ன மாதிரி?"

"திறந்து பாத்தா நீங்களே கேப்பீங்க" என்றவள், அப்பாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து, எண்ணெய் ஒட்டிய உதட்டைத் துடைத்துக்கொண்டே காருக்கு ஓடினாள். அவள் பெட்டிக்குள் அவர் பத்திரமாகச் சுற்றிவைத்த மூன்று பாட்டில்களில் இரண்டு, செருப்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்தது சாயங்காலம்தான் தெரிந்தது. "எடை கூடிடுச்சோ என்னமோ" என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எண்ணெய்க்காரர் யாரையும் முகத்திலிருந்து தொடங்குவதில்லை. பார்வை நேராக உச்சந்தலைக்குப் போகும். அங்கே கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு, நெற்றி வழியாக இறங்கி, கடைசியில்தான் கண்ணுக்கு வந்து சேரும். அதற்குள் எதிராளி ஒருமுறையாவது தலையைத் தடவிப் பார்த்திருப்பார். தெருவில் பலருடைய பெயர் அவருக்குத் தெரியாது. அகல வகிடு, ரெட்டைச் சுழி, பின்பக்கம் மட்டும் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். நின்றால்தான் உட்கார்ந்திருப்பவர்களின் உச்சி தெரியும்.

முடி வளர்க்கும் எண்ணெய்க்கு வீட்டு அடுப்படியில்தான் தயாரிப்பு. இலை, வேர், விதை என்று என்னென்னவோ போடுகிறார். வாசனை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றிய மரப்பட்டையைப் போல இருக்கும். வாங்க வருகிறவர்களை அவர் சுலபத்தில் விட்டுவிடுவதில்லை. பரீட்சை உண்டு.

"அப்பா வழுக்கையா?"

"ஆமாண்ணே."

"தாத்தா?"

"ஆமா."

"அம்மாவோட அப்பா?"

"அவரும்தான்."

"போயிட்டு வாங்க தம்பி. என் எண்ணெய் உங்க குடும்பத்தோட எல்லாம் சண்டை போடாது."

பரீட்சையில் தேறியவர்களுக்கு ஒரு நிபந்தனை. பாட்டில் முடிந்ததும் வந்து தலையைக் காட்ட வேண்டும். காட்டாதவர்களுக்கு அடுத்த பாட்டில் கிடையாது. இந்த விதிதான் அவருடைய வியாபாரத்துக்கு முதுகெலும்பு, முதுகுவலியும் அதுதான். வந்தார்கள், ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து காட்டினார்கள். "கொட்றது நின்ன மாதிரி இருக்குண்ணே" என்றார்கள். "அடர்த்தியான மாதிரி தெரியுது" என்றார்கள். ஒரு அம்மாள், "முடி அப்படியேதான் இருக்கு, ஆனா நல்லாத் தூக்கம் வருது" என்றார். எண்ணெய்க்காரருக்கு 'மாதிரி' என்ற சொல்லே ஆகாது. இதோ, இந்த இடத்தில் இல்லை, இப்போது இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட அவருக்கு ஒரே ஒரு தலை வேண்டும். இத்தனை வருடத்தில் அந்த ஒரு தலை வாசல்படி ஏறவில்லை.

அவருடைய சொந்தத் தலையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சீப்பு மாட்டிக்கொண்டால் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டிய அளவுக்கு அடர்த்தி. "இவங்க அப்பாவுக்கும் இப்படித்தான். அவர் சோப்புக்கட்டியைத் தவிர வேற எதையும் தலைல வச்சதில்ல" என்ற தகவலை வாடிக்கையாளர்கள் இருக்கும்போது சொல்வது அவர் மனைவியின் பொழுதுபோக்கு.

மனைவி தையற்காரி. முன்னறையில் துணியும் மெஷினும். பின்னால் அடுப்படியில் எண்ணெய். நடுவிலுள்ள நிலைப்படி இரண்டு நாட்டு எல்லை. ஊரார் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் யார் பதில் சொல்வது? அதனால் கணவர் முன்னறைக்கு வர வேண்டுமென்றால் சோப்புப் போட்டுக் கைகழுவி, நிலைப்படியில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். அந்த அம்மாள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே சோதித்து, "ம்" என்பார். அதே காரணத்தைச் சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து அந்த எண்ணெயில் ஒரு துளியைக்கூடத் தன் தலையில் வைக்க விட்டதில்லை. இத்தனைக்கும் அந்த அம்மாளின் கொண்டை சின்ன எலுமிச்சை அளவுதான். "தலையணை உறை நாசமாயிடும்" என்பதோடு பேச்சு முடியும்.

இந்த வீட்டில்தான் கூடை திறந்தது.

வெளியே வந்ததற்குப் பூனையின் உருவம் இருந்தது, பூனைக்குரிய முடிதான் இல்லை. கண்ணைச் சுற்றி, மூக்கில், காதில், வாயோரத்தில் வெறும் தோல். மற்ற இடங்களில் கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்து கொஞ்சம் கொஞ்சம். யாரோ ஒரு கிழவரின் தாடியை எடுத்துப் பூனைமேல் ஒட்டத் தொடங்கி, பாதியில் பசை தீர்ந்துபோன கோலம். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இது பூனையா, நனைஞ்ச வௌவாலா?"

"பூனைன்னுதான் சொன்னா."

"தைக்கும்போது துணி பத்தலை போலிருக்கு" என்றார் மனைவி. பரட்டை என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

சொறியாக இருக்கும், வீட்டில் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்தியதில், மறுநாளே பரட்டையைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப்போனார். டாக்டரம்மா தோலைச் சுரண்டிப் பார்த்தார். விளக்கை அணைத்து நீல ஒளியில் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பூஞ்சை இல்லை, சொறி இல்லை, பூச்சி இல்லை.

"நல்ல ஆரோக்கியமா இருக்குங்க. ஏன் முடி இல்லைன்னுதான் எனக்குத் தெரியலை."

வேறொருவராக இருந்தால் குழம்பியிருப்பார். எண்ணெய்க்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. நோய் எதுவும் இல்லை, முடி மட்டும்தான் இல்லை. இப்படி ஒரு வாடிக்கையாளருக்காகத்தானே அவர் காலமெல்லாம் காத்திருந்தார். குடும்ப வரலாற்றிலும் சிக்கல் இல்லை. பரட்டையின் அப்பா யார், தாத்தா யார் என்று யாருக்குத் தெரியும்?

"எதையும் தடவிடாதீங்க, பூனை நக்கிடும்" என்றார் டாக்டரம்மா, அவர் முகத்தில் எதையோ படித்துவிட்டு.

"சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். பூனை நாக்கு எட்டாத இடம்னு ஏதாவது இருக்கா டாக்டர்?"

"பிடரிக்குக் கீழ, ரெண்டு தோளுக்கு நடுவுல. எதுக்கு?"

"சும்மாதான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் பிடரிக்குக் கீழே ஒரே ஒரு சொட்டு. பரட்டை அதற்குப் பழகிவிட்டது. பொதுவாகவே அது பூனை ஜாதிக்குரிய மரியாதைகளை அறியாத பூனை. எண்ணெய்க்காரர் எழுந்தால் எழும், நடந்தால் பின்னால் வரும், குளியலறைக் கதவுக்கு வெளியே காவல் இருக்கும். பாட்டில் மூடியை வீசினால் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைத்துவிட்டு, இன்னொரு முறை வீசச் சொல்லி நிற்கும். புது ஆள் யாராவது வந்தால் அலமாரிக்கு அடியில் பதுங்கி வெகுநேரம் நோட்டம் விட்டு, பிறகு வந்து மோந்து பார்த்து, ஏற்றுக்கொண்டால் மடியைவிட்டு இறங்காது. வெயிலில் படுத்தால் முடியில்லாத தோல் கறுத்துவிடும். நாலு நாள் வீட்டுக்குள் கிடந்தால் பழையபடி வெளுக்கும். குளிர் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. எண்ணெய் காய்ச்சும் நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும், மேற்பார்வைக்கு வந்த அதிகாரியைப் போல.

எல்லைச் சட்டத்தை மட்டும் அது மதிக்கவில்லை. ஒருநாள் தோளில் எண்ணெயோடு முன்னறைக்குப் போய், ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டைமேல் தூங்கி எழுந்தது. அந்த அம்மாள் மாவு தூவி, சோப்புப் போட்டுக் கறையை எடுத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்துப் பரட்டையின் மார்பை அளந்தார். சாயங்காலம், கழுத்திலிருந்து இடுப்புவரை மூடும் கட்டம் போட்ட சட்டை ஒன்று தயாராகிவிட்டது. வயிற்றுப் பக்கம் பொத்தான், முதுகில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஒரு திறப்பு. "பூனைக்கு இல்ல, என் துணிக்குப் போட்ட உறை" என்றார்.

பிறகு அது நடந்தது. முடி முளைத்தது. முதலில் தோளில் சாம்பல் பூத்தாற்போல, பிறகு விலாவில், காலில், வாலில். எண்ணெய்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கைகழுவ மறந்து எல்லையைத் தாண்டிப் பூனையும் கையுமாக முன்னறைக்கு ஓடினார்.

"விரல் வச்சுப் பாரு. இங்க இல்ல. இப்ப இருக்கு. மாதிரி இல்ல, இருக்கு."

மனைவி விரல் வைத்துப் பார்த்தார். இருந்தது.

"நீங்க தடவினது தோள்ல. முளைச்சிருக்கிறது வால்ல."

"உள்ள இறங்கி வேலை செய்யுது."

"அப்ப என் கால்ல தடவுங்க. தலைல வளருதா பாப்போம்."

கேலி அவர் காதில் ஏறவில்லை. டாக்டரம்மாவிடம் போனபோது எடுத்த படமும், இப்போது எடுத்த படமும் அக்கம்பக்கத்து முடிதிருத்தகங்களின் கண்ணாடிகளில் ஜோடியாக ஒட்டப்பட்டன. மகளுடன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்பதற்கு முன்பே பரட்டையின் வால் வந்துவிடும். அவள் வர வேண்டிய ஆறாவது மாதம் வந்து, வேலையை நீட்டித்துவிட்டார்கள் என்ற செய்தியும் வந்தது. "அதுக்கென்ன, பூனை இங்கயே இருக்கட்டும்" என்றார். குரலில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது என்பது மனைவியின் குற்றச்சாட்டு.

கண்ணாடியில் படத்தைப் பார்த்துத்தான் மருந்துக்கடைக்காரர் வந்தார். ஊரில் பல இடங்களில் கிளை வைத்திருப்பவர். இடது காதுக்கு மேலே வளர்ந்ததை வலது காதுவரை இழுத்துப் படியவைத்திருந்தார். எண்ணெய்க்காரரின் பார்வை வழக்கம்போல உச்சிக்குப் போனதும், கை தானாக அங்கே போய் மறைத்துக்கொண்டது.

"என் கடை எல்லாத்துலயும் உங்க எண்ணெயை வைக்கிறேன். லேபிள்ல பூனையோட ரெண்டு படம். முன்னால, பின்னால. அவ்வளவுதான், ஜனங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க. பூனையை ஒருதடவை நேர்ல பாத்துட்டாத் திருப்தி."

இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? எண்ணெய்க்காரர் அடுப்படிக்குப் போய்ப் பரட்டையை எடுத்தார். இரண்டு நாளாக வால் கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது அப்போது ஞாபகம் வந்தது. 'மாதிரி' என்று தன் மனமே சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கைகழுவினார். நிலைப்படியில் உள்ளங்கைகளைக் காட்டினார். பூனையைத் தையல் மேசைமேல் நிறுத்தி, சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கிழிந்த தலையணையிலிருந்து பஞ்சு கொட்டுவதுபோல, சட்டைக்குள்ளிருந்து முடி மேசைமேல் கொட்டியது. நடுவில், வந்த நாளில் இருந்ததைவிட மொட்டையாக நின்றுகொண்டு, பரட்டை கொட்டாவி விட்டது.

மின்விசிறி சுழன்றது. கறுப்பு வெள்ளை முடி அறையெல்லாம் பறந்து, ஊரார் துணிமேல் எல்லாம் இறங்கியது. மருந்துக்கடைக்காரர் வாயிலிருந்து ஒன்றை எடுத்துப்போட்டுவிட்டுக் கேட்டார்.

"இது முன்னாலயா, பின்னாலயா?"

எண்ணெய்க்காரர் மேசைமேல் கொட்டியதைக் கையால் கூட்டி அள்ளினார். "முன்னால இருந்தது, பின்னால வந்தது, இப்ப மறுபடி முன்னால போயிடுச்சு சார்" என்றார்.

வந்தவர் வியாபாரி. ஒரு நிமிடத்தில் தேறிவிட்டார். "பரவால்ல, விடுங்க. படம் இருக்குல்ல? படத்துல முடி கொட்டாது. பூனையை நாம யாருக்கும் காட்டப் போறதில்லையே."

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார். "அவர் சொல்றதும் சரிதானேங்க. அப்ப முளைச்சது நிஜம்தானே."

நிஜம்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. எண்ணெய்க்காரர் பூனையைப் பார்த்தார். அதுவோ ஆளை ஏற்றுக்கொண்ட அடையாளமாக மருந்துக்கடைக்காரரின் மடியில் ஏறிச் சுருண்டு, அவருடைய கறுப்புக் கால்சட்டையில் மிச்ச முடியையும் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பாட்டில் முடிஞ்சதும் தலையைக் காட்டுங்கன்னு ஊரையே அதட்டறவன் சார் நான்" என்றார். "இது காட்டிடுச்சு. அப்புறம் நான் என்ன சொல்ல?"

மருந்துக்கடைக்காரர் கால்சட்டையைத் தட்டியபடி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா ஒரு பாட்டில் எனக்கு மட்டும் கிடைக்குமா?"

"அப்பா?"

"வழுக்கை."

"தாத்தா?"

வந்தவர் கூரையைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க சார்."

கண்ணாடிகளிலிருந்து படங்களை அவரே போய்க் கிழித்தெடுத்தார். பரட்டைக்குச் சொட்டு எண்ணெயை நிறுத்தினார். எண்ணெய் தோற்றுவிட்டது என்ற எண்ணத்தோடு அவரால் எப்படியோ காலந்தள்ள முடிந்தது. எல்லா எண்ணெயும் சில தலைகளில் தோற்கும். அடி விழுந்தது அதற்குப் பிறகுதான். ஒரு காலையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த பரட்டையின் தோளில் சாம்பல் பூத்திருந்தது. சொட்டு எண்ணெய்கூடப் படாத தோள். நாளாக ஆக விலா, கால், வால் என்று அதே வரிசையில், அதே அடர்த்தியில் முளைத்தது. எண்ணெய்க்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார். அவர் தவிர்ப்பதை மனைவி பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரு குத்தல் கையிருப்பு வைத்திருக்கும் அந்த வாய், பூனை முடியைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

அதற்குப்பின் வியாழக்கிழமைகளில் அடுப்பு தாமதமாகப் பற்றியது. சட்டி பாதிதான் நிறைந்தது. பாட்டில் வாங்கிய ரெட்டைச் சுழி, "முடிஞ்சதும் வந்து காட்டணுமாண்ணே?" என்று பழக்கத்தில் கேட்டார். "வேணாம் தம்பி" என்றார் எண்ணெய்க்காரர், அவருடைய கண்ணைப் பார்த்து. உச்சியைப் பார்க்கவே இல்லை. ரெட்டைச் சுழி வெளியே வந்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் விசாரித்துச் சொல்கிறேன் என்றாளே, அந்தச் செய்தி வந்தது அவள் போன அடுத்த வருடம். எண்ணெய்க்காரரின் விரல்களைத் தொடுதிரை அடையாளம் கண்டுகொள்வதில்லை. எத்தனை தேய்த்தாலும் வழுக்கும். அதனால் மகளின் செய்திகள் எல்லாம் அம்மாவுக்குத்தான் வரும். அவர் முன்னறையில் உட்கார்ந்தபடி, பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சத்தமாகப் படிப்பார். இவர் அடுப்படியிலிருந்து கேட்பார். அன்றும் அப்படித்தான்.

"அம்மா, பரட்டை யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். இங்க ஒரு பூனைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கூண்டுக்குள்ள நம்ம பரட்டையே உக்காந்திருக்கு, அச்சு அசல். லைக்கோய்னு பேராம். ஓநாய்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுல இருந்து வச்சதாம். இதை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கலையாம், சாதாரணத் தெருப்பூனைக்கே எப்பவாவது இப்படிக் குட்டி பிறக்குமாம். அதுல சிலதை எடுத்து வளர்த்துத்தான் தனி இனமாக்கியிருக்காங்க. முதல்ல பாத்தவங்களும் நோய்னு நினைச்சு டாக்டர்கிட்ட ஓடியிருக்காங்க. ஒரு நோயும் இல்லையாம். உள்முடி கிடையாது, அதான் குளிர் தாங்காது. நாய் மாதிரிப் பின்னாலயே சுத்துமாம். முடி அப்பப்பக் கொட்டுமாம், அப்பப்ப முளைக்குமாம், ஆயுசுக்கும் அப்படித்தானாம், அது பாட்டுக்குத் தானா. நம்மளோடது அதேதானான்னு உறுதியாச் சொல்ல ரத்தத்துல ஒரு பரிசோதனை இருக்காம். எனக்கு அதெல்லாம் வேணாம், பாத்தாலே தெரியுது. அப்பாகிட்ட மெதுவாச் சொல்லு."

கடைசி வரியையும் அதே குரலில் படித்து முடித்த பிறகுதான் அந்த அம்மாளுக்கு என்ன படித்தோம் என்று உறைத்தது.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"மெதுவாத்தான் சொன்னே" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பிறகு, "தானாவா?" என்றது.

"அப்படித்தான் போட்டிருக்கா."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. முன்னறையில் அந்த அம்மாள் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். எழுந்தார். நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் வந்து, முக்காலியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த பரட்டையைத் தூக்கிக் கீழே விட்டுவிட்டு, கணவருக்கு முதுகைக் காட்டி அதில் உட்கார்ந்தார்.

"பழைய தலையணை உறையா எடுத்துப் போட்டுக்கறேன். கொஞ்சமா ஊத்துங்க. மெஷின் பக்கம் வழியக் கூடாது."

"எதுக்கு இப்ப?"

"பாட்டில் முடிஞ்சதும் வந்து காட்டணும்னு சொல்வீங்களே. நான் எங்க போயிடப் போறேன்."

சொல்லிவிட்டு, கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வாயில் கவ்விக்கொண்டு, கணவர் ஒருநாளும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்திராத உச்சந்தலையைக் குனிந்து காட்டினார்.